பறவைநூற் பேரறிஞர் சாலிம் அலி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய ஊர்களிலிருந்து நாள்தோறும் கலாசாலைக்கு வந்து பயிலும் நம் மாணவர் பலர் ஏரிகளின் நடுவே பிறந்து வளர்ந்தவர்கள். ஏரிக்கரையில் நின்று விளையாடாத பிள்ளை அவ்வூர்களில் அரிது. ஆயினும், அந்நீர்நிலைகளில் வந்து தங்கும் பறவைகளுள் பத்தின் பெயரையேனும் தடையின்றிச் சொல்ல வல்ல மாணவர் எத்துணையர் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். கொக்கு என்றும், நாரை என்றும், வாத்து என்றும் பொதுப்படக் கூறி அமைவதே உலக வழக்காயிருக்கின்றது. பெயரும் இயல்பும் அறியப்படாத ஒன்றன்மேல் அன்பு வேரூன்றுதல் இல்லை. அன்பு வேரூன்றாத ஒன்றற்கு இடையூறு நேர்ந்தவழி அதனைக் காக்க முன்வருவாரும் இலர்.

ஒரு சிறுவனுடைய உள்ளத்தில் ஒரு குருவி எழுப்பிய ஐயம் நாளடைவில் வளர்ந்து, பல்லாயிரம் பறவைகளுக்கு உறைவிடமாகிய ஒரு பெரிய நீர்நிலையை அழிவினின்றும் காத்த வரலாறு ஒன்று நம் நாட்டில் உண்டு. அச்சிறுவரே பிற்காலத்தில் இந்தியப் பறவைநூல் வல்லாருள் தலைசிறந்தவராக உலகினரால் மதிக்கப்பெற்ற சாலிம் அலி. அவருடைய சரித்திரத்தை நம் மாணவர் பொருட்டுச் சுருக்கி வரைய முற்படுகின்றோம்.

பிறப்பும் வளர்ப்பும்

சாலிம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12ஆம் நாள், இந்நாளில் மும்பை என வழங்கும் பம்பாய் மாநகரில், ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் மொயிசுத்தீன் அப்துல் அலி. தாயார் ஜீனத் உன்னிசா. அவர்கள் பெற்ற மக்களுள் இவரே கடைசிப் பிள்ளை. இவருக்கு ஓராண்டு நிரம்பிய காலத்தில் தந்தையாரும், மூன்றாம் ஆண்டில் தாயாரும் உலக வாழ்வை நீத்தனர். தாய் தந்தையரை இழந்த குழந்தைகளைத் தாய்மாமனாகிய அமீருத்தீன் தையப்ஜி என்பவரும், அவர் மனைவியார் ஹமீதா பேகமும் ஏற்று வளர்க்கலாயினர். தமக்கென மகப்பேறு இல்லாத அவ்விருவரும் கேத்வாடி என்னும் பகுதியிலிருந்த தம் இல்லத்தில் அப்பிள்ளைகளைத் தம் மக்களாகவே பேணினர்.

மாமனார் வேட்டையில் விருப்பம் மிக்கவர். ஆதலின் அவ்வீட்டுச் சிறுவனுக்கும் வேட்டைக்காரனாதல் வேண்டும் என்னும் ஆசை இளமையிலேயே உண்டாயிற்று. மாமனார் வாங்கித் தந்த காற்றுத் துப்பாக்கி ஒன்றை ஏந்திக்கொண்டு வீட்டைச் சுற்றிலுமுள்ள ஊர்க்குருவிகளைச் சுட்டு வீழ்த்துதல் அவருடைய விளையாட்டாயிருந்தது. பிற்காலத்தில் பறவைகளின் காவலராக விளங்கியவர் முதலில் அவற்றின் கொலைஞராயிருந்தார் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. அவரே அதனை மறைத்தாரல்லர்.

குருவி எழுப்பிய ஐயம்

பன்னிரண்டு வயது நிரம்பாத அக்காலத்தில் ஒரு நாள் அவர் சுட்டு வீழ்த்திய குருவி ஒன்றன் கழுத்தில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று காணப்பட்டது. வடிவத்தால் ஊர்க்குருவியை ஒத்திருந்தும் நிறத்தால் அது வேறுபட்டிருந்தது. அதனை உண்ணுதல் தம் சமய நெறிக்கு ஏற்குமோ ஏலாதோ என்னும் ஐயமும் சிறுவனுக்கு உண்டாயிற்று. குருவியைக் கொண்டுபோய் மாமனாரிடம் காட்டினார். அவருக்கும் அது இன்னதென்று புலப்படவில்லை. சிறுபிள்ளையின் கேள்வி என்று அதனைப் புறக்கணியாமல், அறிந்தாரிடம் சென்று கேட்குமாறு பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் கௌரவக் காரியதரிசியாகிய மில்லார்டு என்னும் ஆங்கிலக் கனவானுக்கு அவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அச்சங்கம் 1883ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. விலங்கு, பறவை, செடி கொடி முதலியவற்றை ஆராய்தலே அதன் நோக்கம். இறந்த குருவியைத் தாளில் பொதிந்து எடுத்துக்கொண்டு அஞ்சி அஞ்சி உள்ளே சென்ற சிறுவனை மில்லார்டு துரை அன்புடன் வரவேற்றார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்பதை எடுத்துக்கூறி, பெட்டிகளில் வரிசைவரிசையாகப் பாடம்செய்து வைக்கப்பட்டிருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். பறவைகளைப் பற்றிய நூல்களைப் படிக்கக் கொடுத்தார். பறவையின் தோலை உரித்துப் பாடம்செய்யும் முறையையும், அது கிடைத்த இடம், நாள் முதலியவற்றைக் குறித்துவைக்கும் முறையையும் கற்பிக்க ஏற்பாடு செய்தார்.

பறவை என்பது சுட்டு வீழ்த்தும் பொருள் அன்று, கற்றற்குரிய பொருள் என்னும் எண்ணம் அன்றே சிறுவனுள்ளத்தில் விதையூன்றப்பெற்றது. அன்று மாமனார் அக்குருவியைத் தூக்கி எறிந்திருப்பினும், மில்லார்டு துரை தமக்கு வேலை மிகுதி என்று கூறி அனுப்பியிருப்பினும், இந்திய நாடு ஒரு பேரறிஞரை இழந்திருத்தல் கூடும். பிள்ளைகள் கொண்டுவரும் கேள்விகளை மூத்தோர் எங்ஙனம் ஏற்றல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கல்வி

சாலிம் அலி தம் தொடக்கக் கல்வியைத் தம் உடன்பிறந்த பெண்மக்கள் இருவருடன் கீர்காம் பகுதியிலிருந்த ஒரு கிறிஸ்தவ மிஷன் பெண்பள்ளியிலே கற்றார். பிறகு தூய சவேரியார் கலாசாலையைச் சார்ந்தார். பதின்மூன்றாம் வயதளவில் தீராத தலைவலி அவரைப் பற்றி வருத்தியமையால் படிப்பு அடிக்கடி தடைப்பட்டது. வறண்ட காற்று நலந்தரும் என்று கருதிச் சிந்து நாட்டிலிருந்த உறவினரிடம் அவர் அனுப்பப்பட்டார். இவ்விடையூறுகளுக்கிடையே 1913ஆம் ஆண்டில் பம்பாய்ச் சர்வகலாசாலையின் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் ஒருவாறு தேறினார்.

அதன்பின் குடும்பத்தாருடைய சுரங்கத் தொழிலையும் மர வியாபாரத்தையும் மேற்பார்க்கும் பொருட்டுப் பர்மாவிலுள்ள தவோய் என்னும் ஊருக்குச் சென்றார். அங்கே காடுகள் அடர்ந்திருந்தன, பறவைகள் மலிந்திருந்தன. அவர் மனம் கணக்கேடுகளில் நில்லாமல் காட்டிலே திரிந்தது. 1917ஆம் ஆண்டில் தாயகம் திரும்பி, வணிகச் சட்டமும் கணக்கியலும் கற்கத் தொடங்கினார். அவருடைய உள்ளப்பாங்கை உணர்ந்துகொண்டவர் சவேரியார் கலாசாலையில் ஆசிரியராயிருந்த எதெல்பர்ட் பிளாட்டர் பாதிரியார். தாவரநூலில் வல்லவராகிய அப்பெரியார், விலங்கியலையும் உடன் கற்குமாறு அவரை ஊக்கினார். அதனால் காலையில் வணிகக் கல்வியும், பின்னர் விலங்கியற் கல்வியுமாக இரண்டையும் அவர் ஒருங்கே பயின்றார்.

1918ஆம் ஆண்டு டிசம்பரில் தெமினா என்னும் நங்கையை மணந்தார். கணவருடைய விருப்பத்தைத் தம் விருப்பமாகக் கொண்ட அம்மையார், பின்னாளில் காடும் கடற்கரையும் கூடாரமுமாக அவர் வாழ்ந்த கடின வாழ்க்கையில் மனமுவந்து பங்குகொண்டார்.

வேலையின்மை தந்த பேறு

சாலிம் அலியிடம் சர்வகலாசாலைப் பட்டம் ஒன்றும் இல்லை. அக்காரணத்தால் அரசாங்க விலங்கியல் ஆராய்ச்சித் துறையில் அவர் நாடிய பறவைநூல் உத்தியோகம் அவருக்குக் கிட்டாது போயிற்று. 1926ஆம் ஆண்டில் பம்பாய்ப் பொருட்காட்சிசாலையின் இயற்கை வரலாற்றுப் பகுதியில், காணவருவோர்க்குப் பொருள்களை விளக்கும் பணி கிடைத்தது. ஈராண்டுக்குப்பின் விடுமுறை பெற்று ஜெர்மனி தேசத்துக்குச் சென்று, பெர்லின் நகரப் பொருட்காட்சிசாலையில் எர்வின் ஸ்ட்ரேசமான் என்னும் பேராசிரியரை அடுத்துப் பறவைநூலை முறையாகக் கற்றார். 1930ஆம் ஆண்டில் அவர் திரும்பி வந்தபொழுது, பொருள் முட்டுப்பாட்டின் காரணமாக அவர் வகித்த பதவியே எடுக்கப்பட்டிருந்தது.

கையில் வேலையில்லை, நகரத்தில் வாழ்தற்குரிய செல்வமும் இல்லை. கணவனும் மனைவியுமாகப் பம்பாய்க்கு எதிரேயுள்ள கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் குடும்பத்தாருக்கு உரிய ஒரு சிறு வீட்டிற் சென்று தங்கினர். அவ்வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூட்டங் கூட்டமாகக் கூடு கட்டத் தொடங்கின. மழைக்காலம் முழுவதும் சாலிம் அலி நாள்தோறும் பல நாழிகை அசையாமல் அமர்ந்து அவற்றின் செயல்களை நோக்கிக் குறித்துக்கொண்டார்.

நம் ஊர்ப் பனைகளிலும் ஈச்சமரங்களிலும் கூடு கட்டும் அக்குருவியைப்பற்றி அவர் கண்ட உண்மை வியக்கத்தக்கது. ஆண்குருவி கூட்டைப் பாதியளவு நெய்து நிறுத்திக் காத்திருக்கும். பெண்குருவிகள் வந்து ஒவ்வொரு கூட்டையும் புகுந்து பார்க்கும். பெண்ணுக்குக் கூடு மனம் பொருந்திய பின்னரே ஆண் எஞ்சிய பகுதியைக் கட்டி முடிக்கும்; பெண் அதிலே முட்டையிட்டு அடைகாக்கும். ஆண் உடனே வேறொரு கூட்டைத் தொடங்கி மற்றொரு பெண்ணின் வரவை எதிர்நோக்கும். நம் நாட்டிலே எத்துணையோ தலைமுறையாக எல்லார் கண்முன்னும் நிகழ்ந்துவந்த இச்செயலை அவரே பொறுமையுடன் நோக்கி முறைப்பட எழுதினார். அக்கட்டுரை பிரசுரமானபின் அவர் பெயர் அறிஞரிடையே பரவலாயிற்று. பெரிய கருவிகளும் பெரும்பொருளும் இன்றி, கண்ணும் காகிதமும் பொறுமையும் கொண்டே உயர்ந்த ஆராய்ச்சி செய்தல் கூடும் என்பதற்கு அவ்வொரு மழைக்காலமே சான்றாகும்.

ஊரூராய்ச் செய்த பணி

அதன்பின் ஐதராபாத்து, கொச்சி, திருவிதாங்கூர், இந்தூர், போபால் முதலிய சமஸ்தானங்களின் பறவைகளை ஆராய்ந்து கணக்கெடுக்கும் பணியை மேற்கொண்டார். செலவை மட்டும் சமஸ்தானத்தார் ஏற்பின் போதும், தமக்கு ஊதியம் வேண்டுவதில்லை என்பது அவர் கொண்ட முறை. காட்டுவழிகளில் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் சென்று, கூடாரத்தில் உறைந்து, ஒவ்வொரு பறவையும் எந்நிலத்தில் எந்நாளில் எவ்வுணவைக் கொண்டு வாழ்கின்றது என்பதனைக் குறித்தார்.

1939ஆம் ஆண்டில், சிறிய சிகிச்சை ஒன்றன்பின் நேர்ந்த கேட்டினால் தெமினா அம்மையார் காலமானார். அவ்விழப்பு அவரைப் பெரிதும் வருத்தியது. பின்னர்த் தம் உடன்பிறந்தாருடைய வீட்டில் ஒடுங்கி, எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் பறவைநூலுக்கே அவர் ஒப்புவித்தார். 1941ஆம் ஆண்டில் இந்தியப் பறவைகளைப்பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. வண்ணப்படங்களுடன் எளிய நடையில் அமைந்த அந்நூலே நம் நாட்டுப் பொதுமக்கள் பலருக்குப் பறவைகளை அறிவித்த முதற்புத்தகம். ஜவஹர்லால் நேருவும் அவர் மகளார் இந்திராவும் அந்நூலை விரும்பிப் படித்தவர்களுள் அடங்குவர்.

பரத்பூர் நீர்நிலை

இனி, இவர் வாழ்க்கையில் நாம் சிறப்பாக எடுத்துக்கூற விரும்பும் பகுதிக்கு வருவோம். இராஜஸ்தானத்தைச் சார்ந்த பரத்பூர் என்னும் நகரத்தருகே கேவல்தேவ் என்னும் சதுப்புநிலம் உளது. அதன் பரப்பு ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர். நடுவே சிவபிரானுக்கு உரிய பழைய ஆலயம் ஒன்று இருத்தலின் அதன் பெயரே இடத்துக்கும் ஆயிற்று.

இயல்பாகவே தாழ்ந்திருந்த அந்நிலத்தில், 18ஆம் நூற்றாண்டில் சூரஜ்மல் என்னும் மன்னர் காலத்தில் எழுப்பப்பெற்ற அஜான் அணையின் நீர் வந்து தேங்கலாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சமஸ்தானத்தார் கால்வாய்களும் சிறு கரைகளும் மதகுகளும் அமைத்து, நீரைப் பாத்திபாத்தியாகத் தேக்கி, வாத்து வேட்டைக்குரிய இடமாக அதனை ஆக்கினர். ஆதலின் அஃது இயற்கை மட்டும் படைத்த இடமன்று. நம் செம்பரம்பாக்கம் ஏரியைப்போலவும் அம்பத்தூர் ஏரியைப்போலவும் மனிதர் கரைகட்டி நீர்தேக்கியமையால் உருவாகி, பின்பு பறவைகள் தமதாக்கிக்கொண்ட இடம்.

அங்கே நிகழ்ந்த வேட்டை சிறிதன்று. எந்நாளில் எவர் வந்தார், எத்துணைப் பறவைகள் வீழ்த்தப்பட்டன என்னும் கணக்கைக் கல்லிலே பொறித்து ஆலயத்தருகே நாட்டியிருக்கின்றனர். 1938ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12ஆம் நாள் இராஜப்பிரதிநிதி லின்லித்கோ பிரபுவும் அவர் குழுவினரும் வந்த வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் கொல்லப்பட்டன என்று அக்கல் கூறும். சாலிம் அலிக்கு 42 வயது நிரம்பிய நாளும் அதுவே.

1947ஆம் ஆண்டில் நாடு விடுதலையடைந்து, சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்தபின், புதியதொரு இடையூறு தோன்றிற்று. நாடு உணவுத் தட்டுப்பாட்டால் வருந்திய காலம் அது. அரசர்களின் வேட்டைக்காக இத்துணை நிலமும் நீரும் வீணே கிடக்கலாமோ, நீரை வடித்து நிலத்தை உழவர்க்குப் பகிர்ந்தளித்தல் ஆகாதோ என்று அவ்வட்டாரத்தார் கேட்கலாயினர். இக்கேள்வி நியாயமற்றது என்று எவரும் தள்ளிவிட இயலாது. வயிற்றுக்கு உணவில்லாதான் முன் நின்று வாத்தின் அழகைப் பேசுதல் பயனற்றது.

இந்நிலையில் சாலிம் அலி முன்வந்து பேசினார். அவர் கையில் அதிகாரமில்லை, பின்னே கட்சியுமில்லை. நாற்பது ஆண்டு நோக்கிக் குறித்த அறிவு மட்டும் இருந்தது. எவ்வெப்பறவைகள் எங்கிருந்து அங்கு வருகின்றன, எவை அங்கேயே கூடு கட்டுகின்றன, இத்தகைய இடம் வேறெங்கும் எளிதிற் கிடையாது என்பதைப் பெயரும் கணக்கும் கொண்டு அவர் எடுத்துக்காட்ட வல்லவராயிருந்தார். பிரதம மந்திரி நேரு அவர் சொல்லை மதித்தார். நீரை வடிக்கும் ஏற்பாடு கைவிடப்பட்டது. பறவைகளின் இல்லம் நிலைத்தது. முன்னாள் மன்னருக்கு விடப்பட்டிருந்த வேட்டை உரிமையும் 1972ஆம் ஆண்டோடு முடிந்தது. 1981ஆம் ஆண்டில் அவ்விடம் உலகச் சிறப்பு வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும், 1985ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்விக் கழகத்தார் வகுத்த உலக மரபுச் செல்வங்களின் பட்டியலிலும் சேர்க்கப்பெற்றது.

அங்கே சாலிம் அலியும் அவர் சங்கத்தாரும் ஆயிரக்கணக்கான பறவைகளைப் பிடித்து, காலில் எண்பொறித்த சிறு வளையங்களை இட்டு விடுத்தனர். அவ்வளையமுற்ற வாத்துகள் பின்னர்ச் சைபீரியா முதலிய வடதேசங்களில் அகப்பட்டன. ஒரு நாட்டில் ஒரு குளத்தைத் தூர்த்தால், மலைகளுக்கு அப்பாலுள்ள மற்றொரு நாட்டின் வானம் வெறுமையாகும் என்பது இதனால் விளங்கிற்று.

ஒரு பிழையும் அதன் படிப்பினையும்

பெரியோர் சரித்திரம் எழுதுவோர் குணத்தை மட்டும் கூறிக் குறையை விடுத்தல் முறையன்று. பரத்பூர்ச் சதுப்பில் சுற்றுப்புற ஊரார் தம் எருமைகளைப் பரம்பரையாக மேய்த்துவந்தனர். கால்நடைகளால் பறவைகளுக்குத் தீங்கு நேரும் என்று கருதிய சாலிம் அலி, மேய்ச்சலை நிறுத்தவேண்டும் என்று வற்புறுத்தியவர்களுள் ஒருவர். 1982ஆம் ஆண்டில் மேய்ச்சல் தடுக்கப்பட்டது. அதனை எதிர்த்த ஊராருக்கும் காவலருக்கும் நேர்ந்த பூசலில் துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்து, ஊரார் சிலர் உயிரிழந்தனர்.

பின்னர் நிகழ்ந்தது எவரும் எதிர்பாராதது. எருமைகள் மேயாதொழியவே நீர்ப்புல் அளவின்றி வளர்ந்து நீர்ப்பரப்பை மூடிற்று. மீன் குறைந்தது; திறந்த நீரை விரும்பும் பறவைகளும் குறைந்தன. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் 1980 முதல் 1990 வரை அங்கே செய்த நீண்ட ஆராய்ச்சியால், எருமைகளின் மேய்ச்சலே நீரைத் திறந்துவைத்துப் பறவைகளுக்கு உதவியது என்பது தெளிவாயிற்று. ஊரார் புல்லறுத்துச் செல்லும் முறை பின்பு அனுமதிக்கப்பட்டது. தாம் கருதியது தவறு என்று காட்டிய அம்முடிவு நிறைவெய்தியபோது சாலிம் அலி உயிருடன் இல்லை. ஆயினும் அதனைக் கண்டறிந்தது அவர் வளர்த்த சங்கமே. அவர் கற்பித்த நோக்கும் முறையே. தம்மையும் திருத்தவல்ல ஒரு முறையைத் தம் பின்னோர்க்கு விட்டுச் செல்லுதல் சிறிய செயலன்று.

இவ்விடத்து நம் பக்கத்து வேடந்தாங்கலை நினைத்தல் தகும். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு நல்லுரமாதலை அறிந்த அவ்வூர் உழவர், அங்கு வந்து பறவைகளைச் சுட்ட படையினர்மீது முறையிட்டு, 1798ஆம் ஆண்டில் அக்காலச் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் துரையிடம் காப்புரிமைப் பத்திரம் பெற்றனர். அங்கே ஊராரே காவலர். பரத்பூரில் ஊரார் புறத்தே நிறுத்தப்பட்டனர். இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்குவார்க்கு, அருகில் வாழும் மக்களை விலக்கி ஒரு நீர்நிலையைக் காத்தல் இயலாது என்னும் உண்மை புலப்படும்.

தமிழ்நாடும் சாலிம் அலியும்

நம் தமிழ்நாட்டுக்கும் அவர் செய்த உதவி உண்டு. சோழநாட்டுத் தென்கோடியில் கடலும் உப்பளமும் காடும் கூடிய கோடியக்கரையின் அருமையை அவர் எடுத்துக்காட்டினார். பூநாரைகளும் உள்ளான்களும் பனிக்காலத்தில் வந்து நிறையும் அவ்விடம் 1967ஆம் ஆண்டில் சரணாலயமாயிற்று. பறவைகளுக்கு வளையமிடும் பணி அங்கும் நெடுங்காலம் நடைபெற்றது. அவர் மறைவுக்குப் பின், 1990ஆம் ஆண்டில், கோயம்புத்தூரில் அவர் பெயரால் பறவைநூல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பெற்றது.

அமெரிக்க அறிஞராகிய டில்லன் ரிப்ளியுடன் கூடி 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட பெருநூல், இந்தியாவையும் அண்டை நாடுகளையும் சார்ந்த பறவைகள் அனைத்துக்கும் அகராதி போன்றது. 1967ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பறவைநூற் சங்கத்தார் பொற்பதக்கம் அளித்தனர். இந்திய அரசாங்கத்தார் 1958இல் பத்மபூஷணும், 1976இல் பத்மவிபூஷணும் வழங்கினர். பரிசாக வந்த பெரும்பொருளை இயற்கைப் பாதுகாப்புக்கென்றே நிதியாக்கி வைத்தார். 1985ஆம் ஆண்டில் தம் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். அதற்கு அவர் சூட்டிய பெயர் இளமையில் தாம் வீழ்த்திய குருவியையே நினைப்பூட்டுவது. அவ்வாண்டிலேயே மாநிலங்களவை உறுப்பினராகவும் நியமிக்கப்பெற்றார். 1987ஆம் ஆண்டில், தொண்ணூறு வயது நிரம்பியவராய், பம்பாயில் காலமானார்.

நம் மாணவர் கடமை

செம்பரம்பாக்கம் ஏரி நிறையும்போது அதன் ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அதன் மிகுநீர் அடையாற்றிற் சேர்கின்றது. சென்னைக்குக் குடிநீர் தருவதும், 2015ஆம் ஆண்டு டிசம்பர்ப் பெருமழையில் நகரத்தாரை அச்சுறுத்தியதும் அவ்வேரியே. அம்பத்தூர் ஏரியின் மிகுநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து இரட்டை ஏரிக்கும் செல்லுமாறு முன்னோர் கால்வாய் அமைத்தனர். ஆவடியிற் பருத்திப்பட்டு ஏரி உளது. இவற்றின் வரத்துக்கால்களிற் பல வீடுகளாலும் ஆலைகளாலும் நெருக்குண்டன; கழிவுநீர் கலந்தது; ஆகாயத்தாமரை படர்ந்தது. கொரட்டூரில் அவ்வூர் மக்களும் பள்ளிச் சிறுவரும் தம் ஏரியின் பொருட்டுக் குரலெழுப்பி, பசுமைத் தீர்ப்பாயம் வரையிற் சென்றனர். பருத்திப்பட்டு ஏரி 2019ஆம் ஆண்டில் செப்பனிடப்பெற்றுப் பூங்காவுடன் திறக்கப்பட்டது. முக்குளிப்பானும், நாமக்கோழியும், நீர்க்காகமும், கூழைக்கடாவும் இவ்வேரிகளை இன்னும் முற்றும் கைவிடவில்லை.

இவை நிலைக்குமோ நீங்குமோ என்பது, ஏரியைச் சுற்றி வாழ்வோர் அவற்றை அறிந்திருக்கின்றனரா என்பதைப் பொறுத்தது. கரையும் கலங்கலும் இருந்தும் நீர்வரத்து அடைபட்டால் ஏரியில்லை. பரத்பூரிலும், மேற்புறத்து அணையால் நீர் குறைந்தமையின் சதுப்பு வறண்டு, வெகுதொலைவிலிருந்து நீர் கொணர வேண்டியதாயிற்று. முன்னாளில் ஆண்டுதோறும் அங்கே வந்த சைபீரியக் கொக்குகள் 2002ஆம் ஆண்டுக்குப்பின் காணப்படவில்லை. ஒருமுறை காத்துவிட்டோம் என்று எந்நீர்நிலையையும் விட்டுவிடுதற்கில்லை.

ஆகவே, நம் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர் ஏரியைத் தமக்குரிய ஒரு நூலாகக் கொள்ளவேண்டும் என்று விரும்புகின்றோம். ஒரு சிறு குறிப்பேடு போதும். கண்ட நாள், இடம், பறவை, அதன் எண்ணிக்கை, அது செய்துகொண்டிருந்த செயல், நீரின் நிலை ஆகிய இவற்றை வாரத்துக்கு ஒருமுறையேனும் எழுதிவருதல் வேண்டும். கரையில் ஆடு மாடு மேய்ப்பாரையும் வலைவீசுவாரையும் கேட்டு, அவர்கள் வழங்கும் பெயர்களையும் குறித்தல் வேண்டும். ஐந்தாண்டு அங்ஙனம் எழுதப்பட்ட ஏடு ஒன்று, ஏரிக்கு இடையூறு வருங்காலத்தில் அதிகாரிகளின் முன்னும் நியாயாதிபதிகளின் முன்னும் வைக்கத்தக்க சான்றாகும். பெயர்தெரியாத குருவி ஒன்றைக் கையிலேந்திச் சிறுவன் ஒருவன் வந்து கேட்கும் நாளில், அவனுக்கு விடைகூற வல்லவராகவும் நம் மாணவர் விளங்குவாராக.